படப்பிடிப்பு நிலையங் கண்ட மாணவர் கருத்துரை

கல்விச் சுற்றுலாச் செல்லுதல் இந்நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ள வழக்கமாகும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும், வாழைச்சேனைக் கடதாசி ஆலையும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் முழு அளவில் இயங்கிவந்த காலத்தில் அவற்றைக் காணச் சென்று மீண்ட மாணவர் கூட்டங்கள் பல. அத்தகைய இடங்களைப் பற்றி எழுதுதல் மாணவர்க்கு அரிதன்று. சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வருகின்றது, எதனோடு கலக்கின்றது, எவ்வாறு சுடப்படுகின்றது, முடிவில் எவ்வாறு பையில் அடைபடுகின்றது என வரிசையாகக் கூறிச் சென்றால் அறிக்கை தானே உருவாகிவிடும். திரைப்படப் படப்பிடிப்பு நிலையம் ஒன்றைக் கண்டுவந்த மாணவர் எழுதுவதோ பெரும்பாலும் அவ்வாறு அமைவதில்லை. கூரிய அறிவுடைய மாணவருங்கூட அங்குக் கண்டதைச் சொல்லத் தடுமாறுகின்றனர். மொழிவன்மைக் குறைவு இதற்குக் காரணமன்று. சீமெந்தைக் கனவிற் கண்டு, அதன்மேற் காதல் கொண்டு, பின்னர் ஆலைக்குச் சென்றவர் எவருமிலர். திரைப்படத்தின் நிலை வேறு. நிலையத்தின் வாயிலிற் கால் வைக்குமுன்னரே அதன் விளைபொருளைப் பன்முறை கண்டு, சிரித்து, கண்ணீர் விட்டு, அதன் பாடல்களை முணுமுணுத்து வளர்ந்தவரே அங்குச் செல்கின்றனர். ஆகவே அவர் கண்முன் நிற்கும் பொருளைக் காணாது, தம் நெஞ்சில் முன்பே இருந்ததனை அதனோடு ஒப்பிட்டு மகிழ்கின்றனர், அல்லது வருந்துகின்றனர்.

மகிழ்ந்தோர் எழுதுவது ஒருவகை. இன்ன நடிகரைக் கண்டோம், அவர் கையசைத்தார், அவரோடு நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. வருந்தினோர் எழுதுவது மற்றொரு வகை. திரையிற் கண்ட அரண்மனை வெறும் ஒட்டுப்பலகை. கற்றூண் பாரிசுச் சாந்து. மழை குழாய் நீர். ஆகவே திரைப்படம் என்பது முற்றும் பொய் என்று அவர் முடிவுகட்டுவர். இவ்விரண்டாம் வகையினர் தம்மைச் சற்று அறிவாளராகவும் எண்ணிக்கொள்வதுண்டு. ஆயின் இருசாராரும் நிலையத்தைப் பற்றி ஒரு செய்தியும் கூறினாரல்லர். கண்ணாற் காண்பதும் பொய் எனக் கூறும் நம் பழமொழி, தீர விசாரித்தலையே மெய்யென்று கொள்கின்றது. பலகை அரண்மனையைக் கண்டு பொய்யென்றவர் பழமொழியின் முற்பாதியோடு நின்றுவிட்டார் என்றே கொள்ளல் வேண்டும்.

அவ்வரண்மனையையே விசாரித்துப் பார்க்கலாம். அதற்குக் கூரை ஏன் இல்லை என்று வினவிய மாணவனுக்கு ஒளியமைப்பின் பெரும்பகுதி விளங்கிவிடும். விளக்குகள் மேலிருந்து வருதல் வேண்டும். அவற்றைத் தாங்கும் சட்டங்களும், தொழிலாளர் நடந்து செல்லும் பலகை நடைபாதையும் கூரை இருக்கவேண்டிய இடத்திலே தொங்குகின்றன. ஒரு பக்கச் சுவர் ஏன் சக்கரத்தின்மேல் நிற்கின்றது என வினவியவன், கமரா பின்வாங்குதற்கு இடம் வேண்டும் என்பதை அறிவான். சாதாரண வீட்டின் அறையொன்றில் நின்று அவ்வறை முழுவதையும் படம் பிடிக்க முயன்றவர்க்கு இதன் தேவை நன்கு புலனாகும். கறுப்பு வெள்ளைப் படக் காலத்திற் சுவர்களுக்குப் பூசிய வண்ணங்கள் நேரிற் பார்ப்பவர்க்கு விகாரமாய்த் தோன்றியிருத்தல் கூடும். அவை கண்ணுக்காகப் பூசப்பட்டவையல்ல. படச்சுருளில் எந்தச் சாம்பல் நிறமாக மாறும் என்பதை எண்ணிப் பூசப்பட்டவை. தூய வெள்ளாடை விளக்கொளியிற் கூசுமாதலால், இளமஞ்சளோ இளநீலமோ தோய்த்த ஆடையே திரையில் வெள்ளையாகத் தோன்றுமாறு உடுத்தப்பட்டது. இவ்வாறு பொய்யெனத் தோன்றும் ஒவ்வொன்றும் ஒரு கணக்கின் விடையாகும். அக்கணக்கைக் கண்டறிந்து கூறுவதே கருத்துரை.

இனி, படப்பிடிப்பு நிலையம் என ஒன்று ஏன் தோன்றிற்று என்பதை மாணவர் முன்னரே ஓரளவு அறிந்து செல்லுதல் நலம். முதற்கண் தேவைப்பட்டது ஒளி. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தில் எடிசனின் ஆய்வுக்கூடத்தார் 1893இல் அமைத்த கொட்டகை கறுத்த தார்த்தாள் போர்த்தது. அதன் கூரை திறக்கும். கொட்டகை முழுவதும் ஒரு வட்டத் தடத்தின்மேற் சூரியனைத் தொடர்ந்து திருப்பப்படும். அதாவது, முதல் நிலையம் சூரியனுக்குப் பின்னே சுழன்ற ஒரு பெட்டி. பிரான்சில் மெலியே என்பார் 1897இற் கண்ணாடியால் ஒரு கூடம் கட்டினார். மின்விளக்கு வலுப்பெற்றபின் கண்ணாடி வேண்டாததாயிற்று. 1927இல் அமெரிக்காவில் 'ஜாஸ் சிங்கர்' வெளிவந்து பேசும் படம் பரவியதும் நிலையத்தின் இயல்பே மாறிற்று. ஒலி புகாத சுவர் வேண்டியதாயிற்று. கமராவின் இரைச்சல் ஒலிவாங்கியிற் சேராதிருக்க, சில காலம் கமராவையும் அதனை இயக்குபவரையும் ஒரு பெட்டிக்குள் அடைத்தே படமெடுத்தனர். பம்பாயில் 1931இல் இந்தியாவின் முதற் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா' எடுக்கப்பட்டபோது, நிலையத்தின் அருகே இரயிற் பாதை இருந்தமையாற் படப்பிடிப்பின் பெரும்பகுதி இரவில் நடைபெற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழ் பேசிய முதற்படம் எனப்படுகின்றது. அதுவும் பம்பாயிலேயே உருவாயிற்று. தமிழ்நாட்டில் ஒலிப்பட நிலையங்கள் சென்னையில் 1934 முதலும், பின்னர்ச் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் எழுந்தன. ஏ. வி. மெய்யப்பன் 1940களின் நடுவிற் காரைக்குடியில் நிலையம் அமைத்துப் பணியாற்றிப் பின்னர் 1948 அளவிற் சென்னைக் கோடம்பாக்கத்துக்கு வந்தார். எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிலையம் தீயினாற் சேதமுற்ற முன்னையதொரு நிலையத்தை வாங்கி எழுப்பியதாகும். 'சந்திரலேகா' 1948இல் அங்கிருந்து வெளிவந்தது.

நிலையத்தினுட் செல்லும் மாணவர் முதலில் உணர்வது சலிப்பு. ஒரு காட்சிக்கு ஒளி அமைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகலாம்; நடிப்போ அரை நிமிடத்தில் முடிந்துவிடும்; பின்னர் அதனையே மீண்டும் மீண்டும் எடுப்பர். இச்சலிப்பை மாணவர் தம் அறிக்கையில் மறைத்துவிடுகின்றனர். விருந்தோம்பிய நிலையத்தாரைப் பற்றி அவ்வாறு எழுதுதல் தகாது என்பது அவர் எண்ணம். உண்மையில் அறிக்கையில் இடம்பெறவேண்டிய முதற் செய்தியே அதுதான். காத்திருந்த நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தவன், எத்தனை பேர் எதற்காகக் காத்திருந்தனர் என்பதையும் குறித்தவன், திரைப்படத் தொழிலின் பொருளாதாரத்தைத் தொட்டுவிட்டான். சிறு கணக்கொன்று இதற்கு உதவும். பேசும் படத்திற் செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளின் ஓர் அடியில் 16 படங்கள் அடங்கும். எனவே ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணிப் படம் ஒன்றுக்கு 13,500 அடி. அதிலுள்ள தனிப்படங்கள் 2,16,000. ஒரு நாள் முழுவதும் உழைத்து இரண்டு மூன்று நிமிடப் படமே சேருமாயின், அந்நிமிடங்களுக்காக எத்தனை பேரின் எத்தனை மணி நேரம் செலவாகின்றது என்பதை உயர்வகுப்பு மாணவன் தானே வகுத்துப் பார்க்கலாம். கணித ஆசிரியரும் இச்சுற்றுலாவுக்கு உடன் செல்லுதல் நன்று.

சலிப்பு நீங்கிக் கூர்ந்து நோக்கத் தொடங்கியவர்க்குச் சிறு செயல்கள் பலவும் பொருள் தரும். காட்சி தொடங்குமுன் ஒருவர் பலகையொன்றை நீட்டி அதன் மேற்சட்டத்தைப் படீரென அடிக்கின்றார். பார்ப்பவர்க்கு அது சடங்குபோலத் தோன்றும். பல அறிக்கைகளில் அது "மங்கல ஒலி" என்றளவுக்கு வருணிக்கப்படுவதும் உண்டு. படமும் ஒலியும் வெவ்வேறு கருவிகளிற் பதிவாகின்றமையால் இரண்டையும் பின்னர்ப் பொருத்துதற்கு ஓர் அடையாளம் வேண்டும். சட்டம் பலகையைத் தொடும் படத்தையும் அந்த ஓசையையும் ஒன்றாக வைத்தால் மற்றவை தாமே பொருந்தும். பலகையில் எழுதிய எண்கள் தொகுப்பாளருக்குரிய முகவரி. அவ்வாறே ஒருத்தி ஓரமாக அமர்ந்து குறிப்பேட்டில் ஓயாது எழுதிக்கொண்டிருப்பாள். நடிகரின் கைக்குட்டை வலப்பையில் இருந்ததா இடப்பையில் இருந்ததா என்பதை அவள் எழுதுகின்றாள். இன்று எடுத்த காட்சியின் தொடர்ச்சி மூன்று வாரங் கழித்து எடுக்கப்படலாம். பாடற் காட்சியாயின், நடிகையின் வாய் அசைகின்றது, குரல் பெட்டியிலிருந்து வருகின்றது. பாடலை முன்னரே பதிந்துகொள்ளும் பின்னணிப் பாடல் முறை தமிழில் 1938ஆம் ஆண்டின் 'நந்தகுமார்' படத்தோடு தொடங்கியதாகக் கூறுவர். அதற்கு முன்னர்ப் பாடத் தெரிந்தவரே நடிக்க வல்லவராயினர்; அதன் பின்னர் நடிப்பும் பாட்டும் இருவர் தொழிலாயின. இம்மாற்றம் தமிழிசைக்கும் தமிழ் நாடகத்துக்கும் செய்தவை தனிக்கட்டுரைக்குரியன.

நிலையத்தில் எவ்வளவு பார்த்தாலும் காணக்கிடையாத ஒன்றுண்டு, அது படம். படம் தளத்தில் உருவாவதில்லை. துண்டு துண்டாய் எடுக்கப்பட்டவை தொகுப்பறையில் ஒன்று சேரும்போதே பொருள் பிறக்கின்றது. உருசிய நாட்டிற் குலெசோவ் என்பார் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை உணவுத் தட்டு, சவப்பெட்டி முதலிய வெவ்வேறு படங்களோடு அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார். பார்த்தோர் பசியையும் துயரையும் அம்முகத்திலே கண்டனர் என்பர். தளத்தில் நடிகரின் முகத்தை மட்டும் கண்டு, "நடிப்பிற் சிறப்பில்லை" என்று எழுதும் மாணவனுக்கு ஆசிரியர் இச்செய்தியைச் சொல்லலாம். தொகுப்பறையையும் காட்டுமாறு நிலையத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுதல் சுற்றுலாவை நடத்துவோரின் கடமை. பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. நிலையத்தாரும் கூட்டத்தை நேரே தளத்துக்கு அழைத்துச் சென்று விடுகின்றனர்.

மாணவர் அறிக்கைகளிற் காணப்படும் குறைகளுள் மிகப் பெரியது, உழைப்பவர் அதிற் காணப்படாமையே. தச்சர், வண்ணம் பூசுவோர், சாந்து வார்ப்போர், தையற்காரர், ஒப்பனையாளர், கோடம்பாக்கத்தில் லைட்மேன் என அழைக்கப்படும் விளக்குத் தொழிலாளர், சமையற்காரர் எனப் பலர் ஒரு தளத்தில் இயங்குகின்றனர். நடிகர் மூவர், மற்றையோர் அறுபதின்மர் எனில், அறிக்கை முழுவதும் அம்மூவருக்கே உரியதாகின்றது. விளக்குத் தொழிலாளர் பலவடி உயரத்திற் பலகைமேல் நின்று, சூடேறிய விளக்குகளைக் கையாளுகின்றனர். பழைய வில் விளக்குகளின் வெப்பமும் புகையும் இன்றைய விளக்குகளில் இல்லையாயினும் உயரமும் பாரமும் அவ்வாறே உள்ளன. 2020 பெப்ருவரியிற் சென்னைக்கு அண்மையிலுள்ள படப்பிடிப்பு வளாகம் ஒன்றிற் பெரும் விளக்குகளைத் தாங்கிய பாரந்தூக்கி சரிந்து வீழ்ந்து, படக்குழுவினர் மூவர் உயிரிழந்தனர். அத்தகைய இடத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், மேலே தொங்குவது யாது, கீழே கிடக்கும் மின்வடங்கள் எங்குச் செல்கின்றன, தீ மூண்டால் வெளியேறும் வழி எது என்பவற்றை முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களின் விடைகளையும் மாணவர் எழுதலாம். தொழிலாளரின் பாதுகாப்பைப் பற்றி ஒரு மாணவன் நேர்மையாக எழுதிய இரு வரிகள் நிலையத்தாருக்கு நூறு வரிப் பாராட்டினும் பயன்படும்.

ஈழத்து மாணவருக்கு இப்பொருளில் தனியானதோர் உரிமையும் உண்டு. இலங்கையின் திரைப்பட வரலாறே பிறர் நிலையத்திற் பிறந்து, பின்னர் நிலையத்தை விட்டு வெளியேறி வளர்ந்த வரலாறாகும். முதற் சிங்களப் பேசும் படமாகிய 'கடவுணு பொறொந்துவ' 1947 ஜனவரியிற் கொழும்பில் திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெறிப்படுத்தியவர் வங்காளியரான ஜோதிஷ் சிங். படம் பிடிக்கப்பட்டது தென்னிந்தியாவில். சிங்கள நாடகக் குழுவொன்றின் நடிகர் கடல் கடந்து சென்று, மொழி அறியாத தொழிலாளர் கட்டிய வீடுகளில், மொழி அறியாத நெறியாளர் முன்னிலையில் நடித்தனர். அதனை அடுத்து வந்த பத்தாண்டிற் சிங்களப் படங்களிற் பெரும்பாலானவை அவ்வாறே தென்னிந்திய நிலையங்களில் உருவாயின. விளைவு யாதெனில், கதை மாந்தர் பேசியது சிங்களம். அவர் குடியிருந்த வீடும், உடுத்த உடையும், பாடிய மெட்டும், அழுத முறையுங்கூடத் தென்னிந்தியப் படங்களின் சாயலாகவே இருந்தன. நாயகம் 1950களின் தொடக்கத்திற் கந்தானையில் ஒரு நிலையத்தை நிறுவினார். நிலையம் இந்நாட்டு மண்ணில் வந்தபோதும் அதனுள்ளே எழுந்த வீடுகள் உடனே மாறிவிடவில்லை.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் பணியாற்றி விலகியவர். அவரும், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும், படத்தொகுப்பாளர் டைற்றஸ் தொட்டவத்தவும் சேர்ந்து உருவாக்கிய 'ரேகாவ' 1956 டிசெம்பரில் வெளிவந்தது. அது கிராமத்திலே, வெயிலிலே, உண்மை வீட்டு முற்றங்களிலே படமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. உள்நாட்டில் அதற்குப் பொருள் வருவாய் பெரிதாகக் கிட்டவில்லை. அவரது 'கம்பெரலிய' 1965இற் புது டில்லி விழாவிற் தங்க மயில் விருது பெற்றது. அதுவும் நிலையத்துக்கு வெளியே உருவானதே. தமிழில் 1972இல் வெளிவந்த 'குத்துவிளக்கு' யாழ்ப்பாணத்துக் கிராமச் சூழலைத் திரைக்குக் கொண்டுவந்தது. இவ்வரலாற்றை அறிந்த மாணவன் ஒரு நிலையத்தினுள் நின்று, "இது கலைஞனுக்கு எதைத் தருகின்றது? எதனைப் பறிக்கின்றது?" என வினவ வல்லவனாவான். ஒளி, ஒலி, காலம் என்னும் மூன்றையும் நிலையம் அவன் கைவசப்படுத்துகின்றது. நள்ளிரவிற் பகலையும், கோடையில் மழையையும் அங்கே உண்டாக்கலாம். அதற்கு விலையாக, காற்றில் அசையும் வாழையிலையையும், வழியே செல்லும் மாட்டு வண்டியையும், எதிர்பாராது ஓடிவரும் குழந்தையையும் அவன் இழக்கின்றான். இவ்விழப்பு எல்லாப் படத்துக்கும் இழப்பன்று. 'சந்திரலேகா'வின் பெரும் முரசுகளும் அவற்றின்மேல் ஆடியோரும் எந்தக் கிராமத்து முற்றத்திலும் தோன்றியிருத்தல் இயலாது. நிலையமே அதன் நிலம். ஆகவே நிலையத்தை வெளிக்களத்தினும் தாழ்ந்ததென்று கூறுவதும் அவசர முடிபேயாகும். எந்தக் கதைக்கு எது உரியது என்பதே வினா.

இக்காலத்து மாணவர் கருத்துரை எழுதும்போது மற்றொன்றையும் மனங்கொள்ளுதல் வேண்டும். அவர் காணச் செல்லும் இடம் தொழில் நடைபெறும் இடமா, தொழிலைக் காட்டும் இடமா என்பதே அது. ஐதராபாத்தை அடுத்து 1996இல் அமைந்த ராமோஜி திரைப்பட நகர் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது; படப்பிடிப்பும் நடைபெறுகின்றது, கட்டணம் பெற்று வருவோர்க்குக் கேளிக்கையும் வழங்கப்படுகின்றது. பேருந்திற் சுற்றிக் காட்டப்படுவது பெரும்பாலும் இரண்டாவதே. இங்கிலாந்தில் லீவ்ஸ்டன் என்னுமிடத்தில் 2012இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடம் 'ஹரி பொட்டர்' படங்களின் அரங்குகளையும் உடைகளையும் பொருள்களையும் அழகுறக் காட்டுகின்றது. இயங்கும் நிலையம் அதன் அயலில் தனியே உள்ளது. சென்னை ஏ.வி.எம். வளாகத்தின் ஒரு பகுதி 2023இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய கமராக்களும் ஒலிப்பதிவுக் கருவிகளும் பழைய மோட்டார் வண்டிகளும் அங்கு உள்ளன. இவற்றைக் காணுதல் குறையன்று. ஆயின் அருங்காட்சியகத்தைக் கண்டுவிட்டுப் "படப்பிடிப்பைக் கண்டோம்" என்று எழுதுதல் பிழை. படச்சுருளும், அதனைக் கழுவும் இரசாயனத் தொட்டியும், இருட்டறையும் பெரும்பாலும் வழக்கொழிந்தன. கமராவினுள் இப்போது சுருள் இல்லை. எண்ணியற் பதிவே உள்ளது. அடிக்கணக்கு மறைந்தமையால் எத்தனை முறையும் எடுக்கலாம் என்னும் துணிவு வந்துள்ளது. அத்துணிவு நெறியாளரின் முன்யோசனையைக் குறைத்ததா என்பதைத் தொழிலாளரிடமே மாணவர் கேட்டறியலாம்.

கேட்டு எழுதிவைத்தல் ஏன் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உள்ளது. நிலையங்கள் நிலைப்பதில்லை. ஜெமினி நிலையம் இன்றில்லை. 1973இற் கட்டி முடிந்த மேம்பாலம் ஒன்று மட்டும் மக்கள் வாயில் அதன் பெயரைச் சுமந்து நிற்கின்றது. ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிதென்று பேசப்பட்ட வாகினி நிலையத்தின் நிலத்தில் மருத்துவமனையும் பிற கட்டடங்களும் எழுந்துள்ளன. இலங்கையிற் கே. குணரத்தினம் என்னும் தமிழர் ஹெந்தளையில் நடத்திவந்த விஜயா நிலையம் 1983 ஜூலைக் கலவரத்தில் எரியூட்டப்பட்டது. அங்கிருந்த படங்களின் மூலச்சுருள்களும் தீக்கிரையாயின. அவற்றுட் சிங்களப் படங்களும் இருந்தன. எரிந்தவற்றை மீட்டல் எவராலும் ஆவதன்று. அந்நிலையம் இயங்கிய காலத்தில் ஏதேனும் ஒரு கல்லூரி மாணவர் கூட்டம் அங்குச் சென்று, தளத்தின் நீளம் இவ்வளவு, கதவு இத்திசையில், விளக்குகள் இத்தனை, தொழிலாளர் இன்ன ஊரினர், அவர் பேசிக்கொண்டது இன்ன மொழி என்று பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தால், அப்பத்துப் பக்கங்கள் இன்று இந்நாட்டுத் திரைப்பட வரலாற்றுக்கு எத்துணைப் பெறுமதி உடையனவாய் இருக்கும்! "மிகவும் பயனுள்ள சுற்றுலா, அனைவரும் மகிழ்ந்தனர்" என்னும் வரி அங்கு எழுதப்பட்டிருப்பின், அது எரிந்தாலும் இழப்பில்லை, எரியாவிடினும் பேறில்லை.

இத்தகைய வரிகள் தோன்றுவதற்கு மாணவர் மட்டுமே பொறுப்பாளரல்லர். "நான் கண்ட படப்பிடிப்பு நிலையம்" என்று தலைப்புக் கொடுத்து மூன்று பக்கம் எழுதுக எனப் பணித்தால், முதற் பக்கத்திற் கதிரவன் உதிப்பான்; பேருந்து புறப்படும்; வழியிற் பாட்டும் கூத்தும் நிகழும். இரண்டாம் பக்கத்தில் மதிய உணவு வரும். மூன்றாம் பக்கத்தின் நடுப்பகுதியில் நிலையம் தோன்றி மறையும். ஆசிரியர் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையினால் திருத்தி, "நன்று" எனக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுப்பார். இதனைவிடக் குறுகிய வழி ஒன்றுண்டு. புறப்படுமுன் மாணவரை நால்வர் ஐவர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு ஒளியையும், ஒரு குழு ஒலியையும், ஒரு குழு தச்சு வேலையையும், ஒரு குழு ஒப்பனையையும், ஒரு குழு நேரத்தையும் மட்டும் கவனிக்குமாறு பணித்தல் தகும். நாற்பது பேர் ஒரே தளத்தில் நெருங்கி நின்றால் எவரும் ஒன்றும் காணார். இருமல் ஒலியால் அங்குள்ளோரின் வேலையும் கெடும். திரும்பிய அன்று மாலையே, நினைவு மங்குமுன், குழுக்கள் தாம் கண்டதை ஒன்றற்கொன்று சொல்லுதல் வேண்டும். அவ்வுரையாடலில் ஆசிரியர் கேட்கவேண்டிய வினா, "உமக்குப் பிடித்ததா?" என்பதன்று. "நீர் கண்டதென்ன? அதனை எவர் செய்தார்? ஏன் அவ்வாறு செய்தார்? அறிய முடியாது போனது யாது?" என்பனவே வினாக்கள். கடைசி வினாவுக்கு நேர்மையான விடை கூறும் மாணவனைப் பாராட்டுதல் வேண்டும். "தொகுப்பறை பூட்டியிருந்தது, ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை" என்பது அழகிய வருணனை ஒன்றினும் மேலான வாக்கியம்.

பிடித்தது பிடியாதது கூறலாகாதோ எனின், கூறலாம். கண்டதைக் கூறிய பின்னர்க் கூறுதல் வேண்டும். பிடியாமைக்கு உரிய காரணம் கண்டவற்றுள்ளிருந்தே பிறத்தலும் வேண்டும். நடிகை ஒருத்தி ஐந்து மணி நேரம் காத்திருந்து அரை நிமிடம் அழுததைக் கண்ட மாணவி, "இத்தொழில் எளிதென்று எண்ணியிருந்தேன்" என எழுதுவாளாயின், அவ்வெண்ணம் எங்கிருந்து அவளுக்கு வந்தது என்பதை ஆசிரியர் வினவலாம். அங்கிருந்து மற்றொரு கட்டுரை பிறக்கும்.

நிலையத்தாருக்கு அனுப்பும் கடிதம் இவையனைத்தின் பின்னரே எழுதப்படல் வேண்டும். சுற்றுலா முடிந்த மறுநாளே நன்றிக் கடிதம் எழுதி அஞ்சலிற் சேர்த்துவிடும் வழக்கம் பண்புடையதாயினும் பயனற்றது. ஒரு வாரம் பொறுத்து, ஒவ்வொரு குழுவும் தெளிவாய் அறிந்துகொண்ட ஒன்றையும், விளங்காது நின்ற ஒன்றையும் சேர்த்து இரண்டு பக்கத்தில் எழுதுதல் போதும். வழிகாட்டியவர் வேகமாகப் பேசினார் எனின் அதனைப் பணிவோடு கூறலாம். விளக்குத் தொழிலாளர் ஒருவர் தம் உணவு நேரத்தில் மாணவருக்குக் கருவியை இயக்கிக் காட்டியிருப்பின், மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் அவர் பெயரைக் குறிப்பிடுதல் வேண்டும். திரையின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறாது போகலாம். முகவரி எழுதுவோர் நிலையத்தின் பெயரோடு நாள், தளத்தின் எண், அன்று எடுக்கப்பட்ட காட்சி ஆகியவற்றையும் குறித்தால், பெறுபவர் கடிதத்தைக் குப்பைக் கூடையிலிடாது உரியவரிடம் காட்டுவர். கடிதத்தின் படியொன்றும், குழுக்களின் குறிப்பேடுகளும், எவரேனும் வரைந்த தள வரைபடமும் கல்லூரி நூலகத்தில் ஒரு கோவையாக வைக்கப்படல் வேண்டும். அடுத்த ஆண்டு அங்குச் செல்லும் மாணவர் அக்கோவையை வாசித்து, முன்னையோர் விடை பெறாத வினாக்களைத் தம் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிக்கொண்ட பின்னரே பேருந்தில் ஏறுதல் தகும்.